ஒரு ஆர்டருக்கு எவ்வளவு தரலாம்? சமூக ஊடக விளம்பரமும் சிறு வணிகத்தின் கணக்கும்

இளம்பிள்ளையில் சேலை விற்பவர், ஈரோட்டில் நைட்டி தைத்து அனுப்புபவர், கோவையில் பல் மருத்துவமனை நடத்துபவர் என யாராக இருந்தாலும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம் என்று பேச்செடுத்தால் முதலில் கேட்பது ஒன்றுதான்: "மாசம் எவ்வளவு போடணும்?" பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. தினம் இருநூறு ரூபாயில் ஆரம்பியுங்கள் என்பார் ஒருவர். விற்பனையில் பத்து சதவீதம் ஒதுக்குங்கள் என்பார் இன்னொருவர். பக்கத்துக் கடைக்காரர் போடுவதைவிடக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் போதும் என்பார் மூன்றாமவர். இந்த யோசனைகள் எல்லாம் செல்போனுக்கும் இணையத்துக்கும் முந்தியவை. ஜோயல் டீன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1951-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் விளம்பரத்துக்கு எவ்வளவு செலவிடுவது என்று எழுதியபோதே இவற்றை வரிசையாக வைத்து அலசிவிட்டார்: விற்பனையில் ஒரு சதவீதம், கையில் இருப்பதில் முடிந்தது, போட்டியாளருக்கு ஈடாக, நோக்கத்தைத் தீர்மானித்து அதற்கு ஆகும் செலவு, போட்ட முதலுக்கு வரும் வருமானம்.

சதவீத முறையில் உள்ள கோளாறு எளிதில் புரியக்கூடியது. விற்பனை கூடவேண்டும் என்றுதான் விளம்பரம் செய்கிறோம். ஆனால் விற்பனையைப் பார்த்து விளம்பரத்தை அளந்தால், வியாபாரம் படுத்திருக்கும் மாதத்தில் விளம்பரமும் சேர்ந்து படுத்துவிடும். தீபாவளிக்கு முந்தின வாரம் கூட்டம் தானாக வரும்போது பணம் வெள்ளமாய்ப் போகும். போட்டியாளரைப் பார்த்துச் செலவிடுவது இதைவிட மோசம். அவருடைய அடக்கவிலை நமக்குத் தெரியாது. அவர் நஷ்டத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறாரா என்பதும் தெரியாது.

1954-ல் ராபர்ட் டார்ஃப்மன், பீட்டர் ஸ்டெய்னர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் இதற்கு ஒரு கணிதச் சூத்திரம் தந்தார்கள். விலையை ஏற்றினால் வாங்குபவர் எவ்வளவு குறைவார்கள், விளம்பரத்தைக் கூட்டினால் எவ்வளவு கூடுவார்கள் என்ற இரண்டையும் வைத்து விற்பனையில் விளம்பரத்தின் சரியான பங்கைச் சொல்லிவிடலாம் என்பது அதன் சாரம். சிறு கடைக்காரரால் இந்த இரண்டையும் அளக்க முடியாதுதான். ஆனாலும் அந்தச் சூத்திரத்துக்குள் இருக்கும் ஒரு செய்தி யாருக்கும் பயன்படும்: ஒரு பொருளில் நிற்கும் லாபம் மெலிந்திருந்தால் அதன் விளம்பரச் செலவும் மெலிந்தே இருக்கவேண்டும். மணப்பெண் அலங்காரக் கலைஞர் ஒரு வாடிக்கையாளருக்கு ஆயிரம் ரூபாய் விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இருக்கலாம். ஆயிரம் ரூபாய்ச் சேலை விற்பவரால் அது முடியாது. இருவருக்கும் ஒரே சதவீதத்தைச் சொல்பவர் இருவருடைய கணக்கேட்டையும் பார்க்காதவர்.

கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனத்தின் முடிவுகளை மேற்கோள் காட்டுபவர்களும் உண்டு. நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 2023-ல் சராசரியாக 9.1 சதவீதமும் 2024-ல் 7.7 சதவீதமும் சந்தைப்படுத்தலுக்கு ஒதுக்கின என்பது அந்த ஆய்வுகளின் முடிவு. அவை பெரும்பாலும் பெரிய நிறுவனங்கள். அந்தத் தொகைக்குள் ஊழியர் சம்பளம், மென்பொருள், ஏஜென்சிக் கட்டணம் எல்லாம் அடக்கம். அதை அப்படியே எடுத்து வந்து சின்னாளப்பட்டியில் இருக்கும் ஒரு கடைக்குச் சொல்வதில் அர்த்தமில்லை.

பழைய விளம்பரங்களுக்கு ஒரு விலைப்பட்டியல் இருந்தது. நாளிதழில் வரி விளம்பரத்துக்கு இவ்வளவு, உள்ளூர் கேபிளில் ஒரு நாளைக்கு இவ்வளவு, பேப்பருக்குள் நோட்டீஸ் வைக்க ஆயிரத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். பணத்தைக் கட்டினால் விளம்பரம் வரும். அதோடு செலவு முடிந்தது. சமூக ஊடகத்தில் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. ஒவ்வொரு முறை ஒருவர் தன் போனில் விரலை நகர்த்தும்போதும் அந்த இடத்துக்கு ஒரு ஏலம் நடக்கிறது. கடற்கரை மீன் ஏலத்தில் கூடுதல் விலை கேட்டவருக்கே கூடை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் ஏலத்தில் அப்படியில்லை. எவ்வளவு தரத் தயாராக இருக்கிறீர்கள் என்பதோடு, இந்த மனிதர் உங்கள் விளம்பரத்தைப் பார்த்து நீங்கள் விரும்பும் செயலைச் செய்ய எவ்வளவு வாய்ப்பு என்ற மதிப்பீட்டையும், விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துத்தான் வெற்றியாளரைத் தீர்மானிக்கிறார்கள். ஆகவே மக்கள் நின்று பார்க்கும் வீடியோ வைத்திருப்பவருக்கு அதே இடம் மலிவாகக் கிடைக்கும். பெரிய நிறுவனத்தோடு சிறு கடை மோத முடிவது இந்த ஒரு வழியில்தான். நல்ல வீடியோவுக்கு ஆகும் செலவை விளம்பர பட்ஜெட்டுக்கு வெளியே வைத்துப் பார்ப்பது தவறு என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம்.

ஏலம் நாள் முழுக்க நடப்பதால் செலவும் நாள்தோறும் ஏறி இறங்கும். தினம் ₹500 என்று போட்டால் ஒரு நாளில் மெட்டா அதைவிட 75 சதவீதம் வரை கூடுதலாகச் செலவிடலாம். ஒரு வாரத்தில் ஏழு மடங்கைத் தாண்டாது என்பது அதன் தற்போதைய விதி. கூகுள் ஒரு நாளில் இரட்டிப்பு வரை போகும். மாதக் கணக்கில் தினத்தொகையின் 30.4 மடங்கோடு நிற்கும். கார்டில் ₹875 போயிருப்பதைப் பார்த்து முதல்முறை விளம்பரம் செய்பவர் பதறிப்போவது இயல்பு. கணக்குக்கே ஒரு மொத்தச் செலவு வரம்பு வைக்கும் வசதி மெட்டாவில் இருக்கிறது. அதை முதல் நாளே போட்டுவிட வேண்டும். கணக்கைத் திருடி யாரோ விளம்பரம் ஓட்டிவிட்டாலும் இழப்பு அந்த வரம்போடு நிற்கும்.

இனி கணக்கேட்டுக்கு வருவோம். நான் சொல்லவரும் விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு சேலையை எடுத்துக்கொள்ளலாம். விற்கும் விலை 5 சதவீத ஜிஎஸ்டி உட்பட ₹1,260. கொள்முதல் விலை வரி உட்பட ₹840. கொள்முதலில் கட்டிய வரியான உள்வரி போக அரசுக்குக் கட்டவேண்டிய நிகர வரி ₹20. கவர், பெட்டி, டேப் என்று பேக்கிங் ₹25. கொரியர் ₹75. எல்லாம் போகக் கையில் நிற்பது ₹300. பலரும் இந்த இடத்தில் கணக்கை மூடிவிட்டு, ஒரு சேலைக்கு முந்நூறு ரூபாய் லாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் கேஷ் ஆன் டெலிவரியில் அனுப்பும் பத்துப் பார்சலில் இரண்டு திரும்பி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆள் இல்லை, மனசு மாறிவிட்டது, போனையே எடுக்கவில்லை. திரும்பிய ஒவ்வொன்றுக்கும் போகவர கொரியர் ₹150, வீணான பேக்கிங் ₹25. சேலை கசங்காமல் வந்து மறுபடி விற்றுவிடும் என்றே வைத்தாலும் ஒன்றுக்கு ₹175 போயிற்று. எட்டுச் சேலையில் ₹2,400 வந்து, இரண்டில் ₹350 போனால் மீதி ₹2,050. அனுப்பிய ஒரு ஆர்டருக்கு ₹205. முந்நூறு என்று நினைத்தது உண்மையில் இருநூற்றைந்து.

இப்போது விளம்பரம். தினம் ₹500 வீதம் பத்து நாள், மொத்தம் ₹5,000. விளம்பரத்தைத் தொட்டால் வாட்ஸ்அப்பில் உரையாடல் திறக்கும் வகை. ஒரு உரையாடலுக்கு ₹20 ஆகிறது என்று வைத்தால் 250 பேர் வருவார்கள். "பிரைஸ் ப்ளீஸ்", "வேற கலர் இருக்கா", "ப்ளவுஸ் பிட் வருமா" என்று கேட்பவர்களில் பத்துக்கு ஒருவர் வாங்கினால் 25 ஆர்டர். அதன் மதிப்பு ₹31,500. ஏஜென்சி தரும் அறிக்கையில் ரோஆஸ் 6.3 என்று பச்சை நிறத்தில் இருக்கும். போட்ட பணம் ஆறு மடங்குக்கு மேல் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். கணக்கேட்டில் என்ன இருக்கிறது? 25 ஆர்டருக்கு ₹205 வீதம் ₹5,125. விளம்பரத்துக்குப் போனது ₹5,000. பத்து நாள் ராத்திரி பதினொரு மணி வரை பதில் தட்டிய உழைப்புக்கு மிச்சம் ₹125. கடை வாடகையும் உதவிக்கு வரும் பெண்ணின் கூலியும் இன்னும் கழிக்கப்படவில்லை.

இதில் ஒரு வரி விஷயமும் உண்டு. இந்த விளம்பரங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ₹5,000-க்கு ₹900. விளம்பரக் கணக்கில் கடையின் ஜிஎஸ்டி எண்ணைப் பதிவு செய்திருந்தால்தான் அந்த ₹900-ஐ உள்வரியாகக் கழித்துக்கொள்ள முடியும். பதிவு செய்யவில்லை என்றால் மேலே சொன்ன ₹125 மிச்சம் ₹775 நஷ்டமாக மாறிவிடும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு உள்வரிக் கழிவே கிடையாது. அவர் விளம்பரச் செலவை எப்போதும் 1.18-ஆல் பெருக்கித்தான் பார்க்கவேண்டும். தவறான பெயரில், யாரோ ஒரு நண்பரின் கணக்கிலிருந்து பூஸ்ட் கொடுத்துக்கொண்டிருக்கும் கடைகள் இந்தப் பணத்தை மாதாமாதம் இழக்கின்றன.

ஆக இந்தக் கடையின் விளம்பரப் பிரச்சினை விளம்பரத்தில் இல்லை, கொரியரில் இருக்கிறது. 25 பேரில் 12 பேரையாவது ஜிபேயில் முன்கூட்டியே பணம் கட்டவைக்க ₹50 தள்ளுபடி கொடுத்துப் பாருங்கள். அந்த 12 பேரிடம் ஆளுக்கு ₹250 நிற்கும், ₹3,000. மீதி 13 பேரிடம் பழையபடி ₹205 வீதம் ₹2,665. மொத்தம் ₹5,665. விளம்பரத்தில் ஒரு ரூபாய்கூட மாற்றாமல் ₹125 மிச்சம் ₹665 ஆகிவிடுகிறது. விளம்பரச் செலவை இரட்டிப்பாக்குவதற்கு முன்னால் இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைப்பதுதான் முதல் வேலை. பதில் சொல்லத் தாமதமாவதும் இதே வகையிலான ஓட்டைதான். விளம்பரம் இரவெல்லாம் ஓடி, காலை பத்து மணிக்குத்தான் பதில் போகும் என்றால் அந்த உரையாடல்களுக்குக் கொடுத்த இருபது இருபது ரூபாயில் பாதி வீண். ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் விளம்பரம் ஓடும்படி வைப்பதும், பதில் சொல்ல ஒருவரைப் போட்டு அவர் சம்பளத்தையும் விளம்பரச் செலவில் சேர்ப்பதும் நேர்மையான கணக்கு.

அந்த ₹205-ல் வாடகை, கூலி, முதலாளியின் சொந்த வருமானம் எல்லாவற்றுக்கும் ₹80 வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஆர்டரைக் கொண்டுவர விளம்பரத்துக்குத் தரக்கூடிய உச்ச விலை ₹125. இந்த எண் கிடைத்தால் மாதத்துக்கு எவ்வளவு என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். வீட்டில் இருக்கும் கைகளுக்கும் சரக்குக்கும் மாதம் 40 புது ஆர்டரைத்தான் சமாளிக்க முடியும் என்றால் பட்ஜெட் ₹5,000. நூறு சமாளிக்கலாம் என்றால் ₹12,500. ஆர்டர் ₹125-க்குக் கிடைத்துக்கொண்டிருக்கும் வரை கூட்டலாம்; விலை ஏறத் தொடங்கினால் நிறுத்தவேண்டும். முதலில் மாதத் தொகையை முடிவு செய்துவிட்டுப் பிறகு அதற்குள் ஆர்டரைத் தேடுவது கணக்கைத் தலைகீழாகப் போடுவது.

மறுபடி வாங்க வருபவர்களைச் சேர்த்தால் உச்ச விலையைக் கூட்டலாமே என்ற வாதம் நியாயமானது. பத்துப் பேரில் நான்கு பேர் ஒரு வருடத்துக்குள் இன்னொரு சேலையை முன்பணம் கட்டி வாங்கினால், விளம்பரம் இல்லாமலே ஆளுக்குச் சராசரியாக ₹120 சேர்கிறது. ஆனால் அந்த நான்கு பேர் கணக்கேட்டில் ஏற்கனவே இருக்கவேண்டும். வருவார்கள் என்ற நம்பிக்கையை வைத்து இன்றைய பணத்தைச் செலவிட்டால், நெசவாளருக்குக் கொடுக்கவேண்டிய தொகை இன்ஸ்டாகிராமில் போய் முடங்கும். நகையை அடகு வைத்து விளம்பரம் ஓட்டும் பழக்கம் பெருகிவருவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. சரக்குக்கு வாங்கிய கடன் சரக்காகவாவது மிஞ்சும். விளம்பரத்துக்கு வாங்கிய கடனில் மிஞ்ச எதுவும் இருக்காது.

எந்த விளம்பரத்தை எப்போது நிறுத்துவது? எளிய நிகழ்தகவுக் கணக்கு ஒன்று உதவும். ஒரு விளம்பரம் உண்மையிலேயே ₹125-க்கு ஒரு ஆர்டர் தரக்கூடியது என்றால், அதற்கு ₹375 செலவான பிறகும் ஒரு ஆர்டர்கூட வராமல் போவதற்கு இருபதில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. எனவே உச்ச விலையைப் போல மூன்று மடங்கு செலவாகியும் ஒன்றும் வரவில்லை என்றால் அந்த விளம்பரத்தை நிறுத்தலாம். பெரும்பாலும் முடிவு சரியாக இருக்கும். புதிதாகத் தொடங்குபவர் ஐந்து வெவ்வேறு வீடியோக்களைச் சோதிக்க விரும்பினால் ஏறத்தாழ ₹1,900 சோதனைப் பணம். அது திரும்பாது என்று எழுதிவைத்துவிட்டுத் தொடங்கவேண்டும்.

இங்கே மெட்டாவின் இயந்திரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு விளம்பரத் தொகுப்பு யாரிடம் காட்டினால் பலிக்கும் என்று அது கற்றுக்கொள்ள, வாரத்துக்குச் சுமார் 50 பலன்கள் கிடைக்கவேண்டும் என்று மெட்டாவே சொல்கிறது. பலன் என்பதை வாங்குதல் என்று வைத்து, ஒன்றுக்கு ₹200 ஆனால், ஒரு தொகுப்புக்கே வாரம் ₹10,000 வேண்டும். வலைத்தளக் கடையும், அங்கே யார் வாங்கினார் என்று மெட்டாவுக்குச் சொல்லும் பிக்சல் என்ற நிரலும் வேறு வேண்டும். தினம் ₹500 போடுபவருக்கு அது எட்டாது. உரையாடல் என்று வைத்தால் வாரம் ₹1,000 போதும். அதனால்தான் சிறு கடைகள் வாட்ஸ்அப் விளம்பரத்தில் குவிகின்றன. விலையும் உண்டு இதற்கு: உரையாடலைக் கேட்டால் இயந்திரம் உரையாடுபவர்களைத் தேடித் தரும். விலை கேட்டுவிட்டுப் போய்விடுபவர்கள் கூட்டம் கூட்டமாக வருவதற்கு வாங்குபவர்களின் குணம் மட்டும் காரணமல்ல, நாம் கேட்டதும் அதுதான். தினம் ₹500-ஐ ஐந்து தொகுப்புகளுக்கு நூறு நூறாகப் பிரித்துப் போடுவதும் வீண்வேலை. ஐந்தில் ஒன்றும் கற்றுக்கொள்ளாது.

பெரிய நிறுவனங்கள் இந்தக் கேள்விக்கு என்ன விடை கண்டன என்று பார்த்தால் அங்கும் தெளிவு குறைவுதான். ராண்டல் லூயிஸ், ஜஸ்டின் ராவ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்கப் பெருநிறுவனங்களின் 25 கள ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவை பல லட்சம் பேரைச் சென்றடைந்தவை. மொத்த விளம்பரச் செலவு 28 லட்சம் டாலர். அப்படியும் விளம்பரம் லாபமா நஷ்டமா என்று துல்லியமாகச் சொல்வது மிகக் கடினம் என்பதுதான் அவர்களின் முடிவு. மனிதர்கள் வாங்குவதில் உள்ள ஏற்ற இறக்கம் விளம்பரத்தின் தாக்கத்தைவிட மிகப் பெரியது. நம் உதாரணக் கடைக்கும் இது பொருந்தும். 25 ஆர்டர் என்பது எதுவும் மாறாமலே தற்செயலாக 15-ஆகவும் இருக்கலாம், 35-ஆகவும் இருக்கலாம். ஒரு வீடியோவுக்கு 25, இன்னொன்றுக்கு 30 என்று வந்தால் இரண்டாவது சிறந்தது என்று ஏஜென்சி சொல்வதற்கு ஆதாரமே இல்லை. சிறிய பட்ஜெட்டில் சிறிய வித்தியாசங்களை அளக்க முடியாது. சேலையின் வகை, விலை, பேசும் மொழி, யார் பேசுகிறார் என்பது போன்ற பெரிய மாற்றங்களைத்தான் சோதிக்கவேண்டும். பட்டனின் நிறத்தை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

ஈபே என்ற இணையச் சந்தை நடத்திய சோதனை இன்னொரு உண்மையைக் காட்டியது. 2012-ல் தன் பெயரையே யாஹூ, எம்எஸ்என் தளங்களில் தேடுபவர்களுக்குக் காட்டும் விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தார்கள். விளம்பரத்தின் வழியாக வந்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் விளம்பரம் இல்லாமலே வந்து சேர்ந்தார்கள். ஆனால் ஈபேயை அதிகம் அறியாத புதியவர்களிடம் மற்ற விளம்பரங்கள் பலித்தன. இது தேடல் விளம்பரம்தான். என்றாலும் சமூக ஊடகத்தில் நம் பக்கத்துக்கு ஏற்கனவே வந்துபோனவர்களை விரட்டிக் காட்டும் விளம்பரத்துக்கு இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அறிக்கையில் அதன் ரோஆஸ் எப்போதும் அழகாக இருக்கும். அவர்களில் பலர் எப்படியும் வாங்க இருந்தவர்கள். புதியவரைக் கொண்டுவரும் விளம்பரம் அறிக்கையில் சுமாராகத் தெரிந்தாலும் கடையை வளர்ப்பது அதுதான். பெரிய செலவும் வீணாகலாம் என்பதற்கு இன்னொரு சான்று: 2017-ல் நுகர்பொருள் நிறுவனமான பிராக்டர் அண்ட் கேம்பிள் டிஜிட்டல் விளம்பரத்தில் 20 கோடி டாலரைக் குறைத்தது. வியாபாரத்தில் அதனால் பெரிய பாதிப்பு இல்லை என்று அதன் தலைவர்களே சொன்னார்கள்.

விளம்பரத்தை விற்பவரே அதன் பலனையும் அளந்து சொல்லும் ஏற்பாடு இது என்பதை மறக்கக்கூடாது. மக்கள் வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதைத் தான் மிகைப்படுத்திக் காட்டிவிட்டதாக 2016-ல் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. அது தொடர்பான வழக்கு 2019-ல் 4 கோடி டாலர் தந்து சமரசமானது. 2021 ஏப்ரலில் ஐஃபோனில் ஆப்பிள் கொண்டுவந்த கண்காணிப்புக் கட்டுப்பாட்டால் 2022-ல் தனக்கு ஏறத்தாழ 1,000 கோடி டாலர் இழப்பு ஏற்படும் என்று மெட்டா கணித்தது. இந்தியாவில் ஆண்ட்ராய்டே பெரும்பான்மை என்பதால் இங்கே பாதிப்பு குறைவுதான். ஆனாலும் யார் வாங்கினார் என்பதில் ஒரு பகுதியை இயந்திரம் பார்த்து எழுதவில்லை, ஊகித்தே எழுதுகிறது. கடைக்காரரிடம் இதைவிட நல்ல கருவி இருக்கிறது: ஒவ்வொரு புது ஆர்டரிலும் "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்வது. இரண்டு வாரம் மதுரை மாவட்டத்தில் மட்டும் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, திருச்சியில் ஓடவிட்டு, இரண்டு ஊர்களின் பின்கோடுகளிலிருந்தும் வந்த ஆர்டர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னொன்று. துல்லியம் இருக்காது, ஆனால் பெரிய பொய் அகப்பட்டுவிடும்.

ஏஜென்சி விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. செலவில் இத்தனை சதவீதம் என்று கமிஷன் வாங்குபவருக்குச் செலவு கூடுவதில்தான் வருமானம். மாதம் ₹15,000-க்குக் கீழே செலவிடும் கடை நிலையான கட்டணத்துக்கு மட்டுமே ஒப்புக்கொள்ளவேண்டும். அந்தக் கட்டணத்தையும் ஆர்டர் எண்ணிக்கையால் வகுத்து உச்ச விலைக்குள் அடக்கவேண்டும். ₹5,000 விளம்பரத்துக்கு ₹8,000 கட்டணம் என்ற ஏற்பாடுகள் சாதாரணமாக நடக்கின்றன. அதில் ஒரு ஆர்டரின் செலவு எங்கே போய் நிற்கும் என்று யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. பக்கமும் விளம்பரக் கணக்கும் கடைக்காரர் பெயரிலேயே இருக்கட்டும். ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் கொடுத்தால் போதும்.

இன்ஃப்ளுயன்சர்களுக்குச் சேலை அன்பளிப்பாகக் கொடுத்து ரீல்ஸ் போடச் சொல்வதும் செலவுதான். அடக்கவிலையில் அதைக் கணக்கேட்டில் ஏற்றவேண்டும். காசு அல்லது பொருள் வாங்கிக்கொண்டு போடும் பதிவில் அதைச் சொல்லவேண்டும் என்பது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை ₹10 லட்சம் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. 2022 ஜூலை முதல், ஒருவருக்கு ஒரு ஆண்டில் ₹20,000-க்கு மேல் இப்படிப் பொருள் கொடுத்தால் 10 சதவீத வரிப் பிடித்தமும் உண்டு. முந்தைய ஆண்டில் ஒரு கோடி ரூபாய்க்குள் விற்பனை செய்த தனிநபர் வணிகர்களுக்கு அதிலிருந்து விலக்கு. எனக்குத் தோன்றுவதைச் சொன்னால், பத்து லட்சம் பேர் பின்தொடரும் சென்னைப் பிரபலத்தைவிட, சொந்த ஊர்க் கல்யாண வீட்டில் சேலை கட்டிக்கொண்டு பேசும் ஐயாயிரம் பேர் பின்தொடரும் ஒருவர் இளம்பிள்ளைக் கடைக்கு மலிவும் பலனும். முதலாளியம்மாவே கேமரா முன்னால் நின்று சேலையை விரித்துக் காட்டி, முந்தானை, கரை, எடை எல்லாம் சொன்னால் அதைவிட நல்லது.

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடைசெய்யப்பட்டபோது, அதை மட்டும் நம்பி வியாபாரம் செய்தவர்களின் வாடிக்கையாளர் பட்டியல் ஒரே இரவில் காணாமல் போனது. அதன்பின் சில வாரங்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. ஆனால் பழைய வாடிக்கையாளர்களைத் தேடிப்பிடிக்க வழியில்லை. ஆகவே விளம்பரத்தால் வரும் ஒவ்வொருவரின் எண்ணையும், அவர் சம்மதத்தோடு, நம் கையில் சேர்ப்பதற்கு ஒரு பங்கு உழைப்பு தேவை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம்; அவர்கள் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். "எங்க நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, ஆடித் தள்ளுபடி முதலில் உங்களுக்குத்தான் வரும்" என்று பார்சலுக்குள் ஒரு சீட்டு வைப்பதற்கு ஒரு ரூபாய்கூட ஆகாது.

வருடத்தை ஒன்றாகப் பார்த்துத் திட்டமிடுவது கடைசியாகச் சொல்லவேண்டியது. மாதம் ₹5,000 என்றால் வருடத்துக்கு ₹60,000. அதைப் பன்னிரண்டாகச் சமமாக வெட்டுவது சேலை வியாபாரத்துக்குப் பொருந்தாது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஃப்ளிப்கார்ட்டின் பிக் பில்லியன் டேஸும் அமேசானின் கிரேட் இந்தியன் ஃபெஸ்டிவலும் ஒரே ஏலத்தில் வந்து நிற்கும். அங்கே புதியவர்களைத் தேடினால் ஆர்டர் விலை உச்சத்தைத் தாண்டும். ஆடியிலும் ஆவணியிலும் ஏலம் சற்று ஆறியிருக்கும்போது ₹20,000 வரை போட்டுப் புதியவர்களைச் சேர்த்து, எண்களைப் பட்டியலில் ஏற்றிவிட்டு, தீபாவளி நெருக்கத்தில் அந்தப் பட்டியலுக்கு மட்டும் செய்தி அனுப்பினால் விளம்பரச் செலவு ஏறக்குறைய இல்லை. தை பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கும்போது இன்னொரு ₹20,000. மீதியைச் சித்திரை, வைகாசிக்கும் புது வீடியோக்களின் சோதனைக்கும் வைத்துக்கொள்ளலாம். மார்கழியின் முதல் இரண்டு வாரம் விளம்பரத்தை முழுவதும் நிறுத்திவிடுங்கள். அந்த நாட்களில் வரும் ஆர்டர்கள் விளம்பரம் இல்லாமலே கடைக்கு வருபவை. அந்த எண்ணிக்கையைப் போன வருட மார்கழியோடு ஒப்பிட்டு ஒரு தனிப் பக்கத்தில் எழுதிவைத்து, அடுத்த ஆண்டு ஏஜென்சி நீட்டும் எந்த அறிக்கையிலிருந்தும் அதை முதலில் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் ஆர்டர் விலையைப் போடவேண்டும்.